பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைத் தேடுவது எப்படி: ஒரு சிப்பாயின் வாழ்க்கையை எழுத முழு வழிகாட்டி

எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பட்டாளத்துத் தாத்தா. என் தாத்தாவின் அண்ணன். கூடத்தில் அவர் படம் ஒன்று இருந்ததாம், கரையான் தின்றுவிட்டதாம். பர்மா சண்டையில் செத்துப்போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆறு வருடம் விட்டுவிட்டுத் தேடி, இன்று அவரைப் பற்றிப் பதினாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பதினாலு பக்கம் எப்படிச் சேர்ந்தது, அதில் மூன்று வருடம் எப்படி வீணானது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. அரசாங்கக் காகிதத்தில் ஒரு சாதாரணச் சிப்பாய்க்கு இருப்பது பெரும்பாலும் கடைசி நாள் மட்டும்தான். மற்ற நாட்களெல்லாம் வீட்டுப் பெட்டியிலும், ஊர்க் கிழவிகளின் வாயிலும், அவர் இருந்த பட்டாலியனின் (ரெஜிமென்ட் என்ற பெரிய படைப்பிரிவின் உட்பிரிவு) தினசரிக் குறிப்பிலும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் செத்த நாளிலிருந்து பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். பிறப்பிலிருந்து ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதல் படி: எந்தச் சண்டை?

சிரிக்காதீர்கள், இதிலேயே நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பெரியவர்கள் "செர்மன் சண்டை" என்றால் பெரும்பாலும் 1914-18, "ஜப்பான்காரன் சண்டை", "பர்மா சண்டை" என்றால் 1941-45. "பஸ்ரா" என்ற சொல் வந்தால் முதல் போராக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் இரண்டாம் போரிலும் இந்தியப் படை ஈராக்கில் இருந்தது. "சீனாக்காரன் சண்டை" 1962. இதைப் பிள்ளைகளின் வயதோடு ஒட்டிப் பாருங்கள். கடைசிப் பிள்ளை 1940-இல் பிறந்திருந்தால் அப்பா முதல் போரில் செத்திருக்க முடியாது இல்லையா.

இது ஏன் முதல் படி என்றால், தேட வேண்டிய கதவுகளே வேறு வேறு. உலகப் போர்களில் இறந்தவர்களின் பதிவு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்திடம் இருக்கிறது. 1917-இல் தொடங்கிய அமைப்பு. அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் கறாரானது: 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, பிறகு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. சுதந்திரத்துக்குப் பின் இந்திய ராணுவத்தில் இறந்தவர் என்றால் டெல்லியின் தேசியப் போர் நினைவகமும் ரெஜிமென்டின் ரெக்கார்ட் ஆபீசும். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: டிரங்குப் பெட்டி

இணையத்தைத் திறக்கும் முன் பெட்டியைத் திறங்கள். தேடுவது ஒரே ஒரு விஷயம், ஆர்மி நம்பர். பெயர் அல்ல, நம்பர். முத்துசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், அந்த ரெஜிமென்டில் அந்த நம்பருக்கு ஒரே ஆள்தான். (முதல் உலகப் போர்க் காலத்து நம்பர்கள் சின்னவை, ஒவ்வொரு ரெஜிமென்டும் தனித்தனியாகப் போட்டவை. ஆகவே ஒரே நம்பர் வேறு ரெஜிமென்டில் வேறொருவருக்கு இருக்கும். நம்பரையும் ரெஜிமென்டையும் எப்போதும் சேர்த்தே குறித்துவையுங்கள்.)

போரில் இறந்தவருக்கு டிஸ்சார்ஜ் புக் இருக்காது, அதைத் தேடி அலுத்துப்போக வேண்டாம். இருக்கக்கூடியவை: மனைவிக்கோ அம்மாவுக்கோ வந்த பென்ஷன் காகிதம், இரங்கல் கடிதம், மணியார்டர் துண்டு, முகாமிலிருந்து வந்த கார்டு, பதக்கம். பென்ஷன் காகிதம் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. நம்பர், பதவி, படைப்பிரிவு, வாரிசின் பெயர் எல்லாம் அதில் இருக்கும்.

பதக்கத்தின் விளிம்பைப் பார்க்கச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் நம்பர், பதவி, பெயர், பிரிவு எல்லாம் விளிம்பில் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கமானால் பின்பக்கம் பாருங்கள். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயரில்லாத பதக்கமே கொடுத்தார்கள், ஆனால் இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்திருப்பார்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். சாய்வான வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் போதும்.

1914-18 போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி. அதனால்தான் அது இல்லாமல் மற்றது மட்டும் வீட்டில் மிஞ்சியிருக்கலாம், பஞ்சகாலத்தில் தட்டாரிடம் போயிருக்கும். அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால் அது ஒரு தகவல்: சுமைகூலிப் படையினருக்கும், தண்ணீர் சுமந்தவர், சமையல் செய்தவர் போன்ற துணை ஆட்களுக்கும் வெண்கலத்தில் கொடுத்தார்கள். வீட்டில் "சிப்பாய்" என்று சொல்லிவந்தவர் உண்மையில் தண்ணீர் சுமந்த பிஸ்தியாக இருந்திருக்கலாம். அதை மறைக்காமல் எழுதுங்கள், குண்டு அவருக்கும் அதே குண்டுதான்.

கைக்கு அடங்காத பெரிய வெண்கல வட்டம் ஒன்று, சுமார் 12 செ.மீ. குறுக்களவில், நிற்கும் பெண்ணும் சிங்கமுமாக இருந்தால், அது முதல் போரில் இறந்தவரின் குடும்பத்துக்கு வந்த நினைவுத் தகடு. அதில் பெயர் மட்டும் இருக்கும், வேண்டுமென்றேதான் பதவி போடவில்லை. செத்தபின் எல்லாரும் சமம் என்ற எண்ணம். (இந்தச் சமம் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கீழே பார்க்கலாம்.)

பதக்கங்களின் சேர்க்கை ஒரு வரைபடம் மாதிரி. பர்மா ஸ்டார் இருந்தால் 11 டிசம்பர் 1941-க்கும் 2 செப்டம்பர் 1945-க்கும் இடையில் அந்த முனையில் இருந்திருக்கிறார். பசிபிக் ஸ்டார் என்றால் மலாயா, சிங்கப்பூரை யோசியுங்கள். ஆப்பிரிக்கா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் சேர்ந்திருந்தால் ஜப்பான்காரனை அவர் கண்ணால்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். சுதந்திரத்துக்குப் பின், 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார். பெயரே முனையைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

"சண்டையில் என்ன செய்தார்?" என்று கேட்டால் சினிமாதான் வரும். நான் அப்படிக் கேட்டு ஒரு மணி நேரம் பதிவு செய்தேன், பத்து ஜப்பானியர்களைத் தனி ஆளாகச் சுட்டார் என்பது வரை போனது. சொன்ன அத்தை அவர் செத்தபோது பிறக்கவே இல்லை.

வீட்டுக்குள் நடந்ததைக் கேளுங்கள். எந்த ஸ்டேஷனில் ரயிலேறினார்? வழியனுப்ப யார் போனது? லீவில் வந்தபோது என்ன கொண்டுவந்தார்? மணியார்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? கடிதம் வந்தால் யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள்? செத்த செய்தி தந்தியில் வந்ததா, கடிதமா, கர்ணம் வந்து சொன்னாரா? அப்போது என்ன பருவம், அறுப்பா, நடவா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்களில் பொய் குறைவு. என் பாட்டி "அவர் வந்துட்டுப் போனப்போ பச்சைக் கம்பளி ஒண்ணு குடுத்தாரு, அதுல பூச்சி அரிச்ச ஓட்டைய நாந்தான் தைச்சேன்" என்றார். பதினாலு பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

திதி எந்த நாள் என்பதையும் கேளுங்கள். பல வீடுகளில் அது செத்த நாளாக இருக்காது, செய்தி வந்த நாளாக இருக்கும். எங்கள் வீட்டில் ஐப்பசியில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், பதிவேட்டில் இருந்த தேதியோ அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் முந்தையது. வீட்டுத் தேதியை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது, முன்பக்கமாக ஒரு வருடமாவது இடம் விட்டுத் தேட வேண்டும்.

நான்காம் படி: பதிவேட்டில் பெயரைப் பிடிப்பது

நான் மூன்று வருடத்தைத் தொலைத்த இடம் இது. போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடல் இலவசம், பதிவு செய்யக்கூட வேண்டாம். ஆனால் நாம் இன்று ஆங்கிலத்தில் எழுதும் எழுத்துக்கூட்டலில் தேடினால் வராது. பெயரைப் பதிந்தவர் தமிழ் தெரியாத குமாஸ்தாவாக இருக்கலாம், காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். சாமி என்பது நாலு விதமாக, முத்து என்பதில் ஒரு 'டி'யா இரண்டா, 'எச்' உண்டா இல்லையா, கோவிந்தனில் 'ஓ'வா 'ஓ-யூ'வா, எதுவும் நிச்சயமில்லை. 'ழ' வரும் பெயர்களின் கதி உங்களுக்கே தெரியும். போதாததற்கு அப்பா பெயர் முன்னெழுத்தாக வராது, ஒற்றைப் பெயர் மட்டும் நிற்கும், அல்லது அப்பா பெயரே குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

நான் கடைசியில் செய்தது இது. பெயரை விட்டுவிட்டேன். படை என்ற இடத்தில் இந்தியப் படை, போர் எது என்பது, இறந்த காலம் இந்த வருடத்திலிருந்து அந்த வருடம் வரை, கூடுதல் தகவல் என்ற இடத்தில் பழைய மாவட்டத்தின் பெயர். அவ்வளவுதான். பல பதிவுகளில் "இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம்" என்று ஒரு வரி இருக்கும், அந்த வரிக்குள் தேடும் வசதி இருக்கிறது. வந்த பட்டியலை அட்டவணைக் கோப்பாக இறக்கி, உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். வாய்விட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத பெயர் காதுக்குத் தெரிந்துவிடும். மனைவியின் பெயரும் ஊர்ப் பெயரும் சிதைந்த நிலையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அப்படித்தான் பிடித்தேன்.

மாவட்டப் பெயர் இன்றையது அல்ல, அன்றையது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் என்றால் வட ஆற்காடு. தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேலம். சிவகங்கையும் விருதுநகரின் பெரும்பகுதியும் ராமநாதபுரம், அதை ஆங்கிலத்தில் ராம்நாட் என்று எழுதுவார்கள். தஞ்சாவூர் டான்ஜோர், திருச்சி டிரிச்சினாபோலி, தூத்துக்குடியும் தென்காசியும் டின்னவேலி, காஞ்சிபுரம் செங்கல்பட்டு. புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம், அதை மறக்காதீர்கள்.

பதிவே கிடைக்கவில்லை என்றால்? முதல் போராக இருந்தால் உங்கள் தேடலில் தப்பு இல்லாமல்கூட இருக்கலாம். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியப் படையின் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள், சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும் போட்டார்கள். 2021-இல் ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு ஒத்துக்கொண்டது: முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர், பெரும்பாலும் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை, ஒருவேளை அறவே நினைவுகூரப்படவில்லை. நினைவுத் தகட்டில் பதவி போடாமல் விட்ட அதே சாம்ராஜ்யம்தான் இது. உங்களிடம் ஆதாரம் இருந்தால் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுதலாம், பதிவில் உள்ள பிழையைத் திருத்தவும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: எந்தச் சின்னத்தில் பெயர் இருக்கிறது என்பதை வாசிப்பது

பதிவு கிடைத்ததும் எல்லாரும் தேதியைப் பார்க்கிறார்கள், சின்னத்தின் பெயரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குப் பெரிய உண்மை அங்கேதான் இருந்தது.

பர்மா முனையை எடுத்துக்கொள்வோம். யாங்கோனுக்கு வடக்கே டௌக்யான் போர்க் கல்லறைக்குள் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது, கிட்டத்தட்ட 27,000 பெயர்கள், எல்லாரும் கல்லறை தெரியாதவர்கள். அங்கே ஒரு வாசகத்தை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என ஐந்து மொழியில் வெட்டியிருக்கிறார்கள்: சுதந்திர மனிதர்கள் எல்லாருக்காகவும் இறந்தார்கள் என்று. தமிழ் இல்லை. அதே வளாகத்தில் தகன நினைவுச் சின்னம் என்று வேறொன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு. கோஹிமாவில் ஒரு தகனச் சின்னம், 917 பேர். இம்பாலிலும் ஒன்று, எண்ணூறுக்கும் மேல்.

ரங்கூன் சின்னத்துக்கும் தகனச் சின்னத்துக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். தகனச் சின்னத்தில் பெயர் இருந்தால் அந்த உடல் கிடைத்திருக்கிறது, யாரோ கட்டை அடுக்கித் தீ வைத்திருக்கிறார்கள், அதைப் பதிந்தும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பட்டாளத்துத் தாத்தாவின் பெயர் இருந்தது இம்பால் தகனச் சின்னத்தில். "உடல்கூடக் கிடைக்கவில்லை" என்று எழுபது வருடம் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் இதைச் சொன்ன அன்று அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கொள்ளி யாரோ வெச்சிருக்காங்க" என்றார்.

ஆனால் இதைத் திருப்பிப் போடாதீர்கள். ரங்கூன் சின்னத்தில் பெயர் இருப்பதால் உடல் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவசரத்தில் புதைத்தார்கள், எரித்தார்கள், இடம் பதிவாகவில்லை என்பதும் நடந்திருக்கிறது.

முதல் போரின் மேற்கு முனை என்றால் பிரான்சின் நூவ் ஷபேல் சின்னம், 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள், 1927-இல் திறந்தது. சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேல். டெல்லியின் இந்தியா கேட்டில் சுமார் 13,000. சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போய்வாருங்கள். இரண்டாம் போர்க் கல்லறைகள் 850-க்கு மேல், பின்பக்கம் முதல் போருக்கான சின்னத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்: இந்தியாவிலேயே இறந்து, பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடப்பவர்களின் பெயர்கள் அவை. போர்க்காலத்தில் இறந்தவர் என்றாலே கடல் தாண்டி இறந்தவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறாம் படி: எப்படி இறந்தார்?

ஆணையத்தின் பதிவில் காரணம் பொதுவாக இருக்காது. காரணம் தெரியாத இடத்தில் "வீரமரணம்" என்று நிரப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். 1943-இல் பர்மா முனையில் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு நோயால் வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, புதர்க்காய்ச்சல். அடுத்த இரண்டு வருடத்தில் இது வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் காட்டில் சிப்பாயைக் கொசுவும் கொன்றது.

இங்கேதான் போர் நாட்குறிப்பு உதவும். ஒவ்வொரு பட்டாலியனும் அன்றன்று நடந்ததை எழுதி வைத்தது. லண்டனின் கியூ என்ற பகுதியில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ்) 95 வரிசை, இரண்டாம் போரின் பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172, மத்திய கிழக்குக்கு 169, இத்தாலிக்கு 170. முதல் போர்க் கோப்புகளில் நிறைய ஸ்கேன் ஆகி, கட்டணத்துக்கு இறக்கிக்கொள்ள முடிகிறது. 172-க்கு யாராவது நேரில் போய்ப் படம் எடுக்க வேண்டியிருக்கும், லண்டனில் இருக்கும் சொந்தக்காரப் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும் தேடுங்கள், இலவசம். ஆனால் பட்டியலில் இருக்கும் எல்லாக் கோப்பும் ஸ்கேன் ஆகியிருக்காது.

நாட்குறிப்பில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்காது, முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அதிகாரிக்கு ஜலதோஷம் பிடித்தால் பெயரோடு எழுதுவார்கள். சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை: "2 ஐ.ஓ.ஆர். பலி, 5 காயம்" என்று வரும். ஐ.ஓ.ஆர். என்றால் அதிகாரி அல்லாத இந்தியப் படையினர். அவர் இறந்த தேதியில் "1 ஐ.ஓ.ஆர். பலி" என்று இருந்து, ஆணையத்தின் பட்டியலில் அதே பட்டாலியனில் அதே நாளில் ஒரே ஒருவர் இருந்தால், அந்த 'ஒன்று' அவர்தான் என்று நம்பலாம். எங்கள் கதையில் அந்த வாரம் முழுக்கச் சண்டைச் சேதமே குறிப்பில் இல்லை. ஆகவே "பெரும்பாலும் ஆஸ்பத்திரியில், நோயால் அல்லது முன்பு பட்ட காயத்தால் இறந்திருக்கலாம்" என்று எழுதினேன். 'பெரும்பாலும்', 'இருக்கலாம்' இரண்டையும் தம்பி அடிக்கச் சொன்னான், நான் அடிக்கவில்லை.

சிறைப்பட்டு இறந்தவர்களின் தேதியைப் பார்க்கும்போது இன்னும் கவனம். சிங்கப்பூர் 15 பிப்ரவரி 1942-இல் விழுந்தது. பல சிப்பாய்களுக்கு அந்த நாளோ அதை ஒட்டிய நாளோ இறந்த தேதியாகப் போட்டிருந்தால், அது கண்ணால் பார்த்த தேதியாக இல்லாமல் அனுமானமாக இருக்கலாம். சிறைப்பட்டவர்களில் பலரை ஜப்பானியர்கள் நியூகினி வரை வேலைக்குக் கொண்டுபோனார்கள். வேறு பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். உங்கள் வீட்டுக் கதையில் "நேதாஜி படையில் இருந்தார்" என்றும், காகிதத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படை என்றும் வந்தால் இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

ஏழாம் படி: ரெஜிமென்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை

தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 1758-இல் தோன்றிய பழைய ரெஜிமென்ட்தான், இன்று அதன் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற முழக்கமும் அதற்கே உரியது. ஆனால் போர்க்குணம் உள்ள இனம், இல்லாத இனம் என்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கில் தெற்கத்திக் காலாட்படையை ஒவ்வொன்றாகக் கலைத்து, 1920களின் முடிவில் பிராந்தியப் படை தவிர எதுவும் மிஞ்சவில்லை. மறுபடி ஆள் தேவைப்பட்டபோது இரண்டாம் போரின் நடுவில்தான் திரும்ப எழுப்பினார்கள். ஆகவே தாத்தா 1935-இல் சேர்ந்தார் என்றால் பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு) போன்ற இடங்களில் முதலில் தேடுங்கள். இத்தாலியின் மிஞானோவில் 24 பிப்ரவரி 1944-இல் கண்ணிவெடி மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் அந்த சாப்பர்ஸ்காரர்தான்.

பெயர்களும் மாறிக்கொண்டே இருந்தன. 1914-இல் இருந்தவை கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, பயனியர்ஸ் என்று எண்களோடு வரும் ரெஜிமென்ட்கள். நவம்பர் 1914-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கித் தோற்றுத் திரும்பிய படையில் 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி இருந்தது. இரண்டாம் போர்க் காகிதத்தில் "4/3 மெட்ராஸ்" என்று பார்த்தால் அது 3-ஆம் மெட்ராஸ் ரெஜிமென்டின் 4-ஆம் பட்டாலியன். நான் முதலில் கம்பெனி எண் என்று நினைத்தேன்.

எட்டாம் படி: சுதந்திரத்துக்குப் பிந்தையவர்கள்

பாதை சுருக்கம், ஆனால் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்லியில் 25 பிப்ரவரி 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் தியாகச் சக்கரத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பதவி, பிரிவோடு இருக்கின்றன, அதன் தளத்தில் தேடலாம். விருது பெற்றவர் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் தளத்தில் காரணக் குறிப்பும் கிடைக்கும். அதிகாரிகள் எந்த ரெஜிமென்டிலும் இருப்பார்கள்: இலங்கையில் 25 நவம்பர் 1987-இல் வீழ்ந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மகார் ரெஜிமென்ட், கார்கில் போரின் படாலிக் பகுதியில் 29 மே 1999-இல் வீழ்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் பீகார் ரெஜிமென்ட்.

விருது இல்லாத சிப்பாய்க்குக் குடும்ப பென்ஷனின் வகையே சாட்சி. 1970களுக்குப் பின் என்றால், 'லிபரலைஸ்டு' என்றிருந்தால் போர் அல்லது மோதலில் இறந்தவர், 'ஸ்பெஷல்' என்றால் பணி காரணமாக இறந்தவர், 'ஆர்டினரி' என்றால் பணியோடு தொடர்பில்லாத மரணம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், கடிதம் யாருக்கு எப்படி எழுத வேண்டும் என்று சொல்வார்கள். நான் ஒரு நண்பருக்காக ஒரு அலுவலகத்தில் ஏழு முறை ஏறி இறங்கினேன், எட்டாம் முறை அங்கிருந்த முன்னாள் ஹவில்தார் ஒருவர் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

எழுதியும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசுக்கு 10 ரூபாய், 30 நாள். ராணுவம் இந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் போன்றவைதான் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. வாரிசுச் சான்று நகலை இணைத்து வாரிசு பெயரிலேயே கேளுங்கள், அந்நியர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: சேர்ந்த தேதி, பயிற்சி மையம், இருந்த பட்டாலியன்கள், இறந்த இடம், காரண வகை. "முழு விவரமும் தருக" என்றால் ஒன்றும் வராது.

ஒன்பதாம் படி: பட்டாளத்துக்கு முந்தைய ஆள்

இறந்த நாளையும் பட்டாலியனையும் பிடித்த பிறகுதான் ஊருக்குப் போக வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவராக இருந்தால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, நிலம் இருந்தால் பழைய பட்டா, அடங்கல். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சில ஊர்களில் முதல் போருக்குப் பின் வைத்த பளிங்குக் கல் இருக்கும்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும். பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ சுண்ணாம்பு பூசி மறைந்திருக்கும், பாருங்கள்.

ஏன் சேர்ந்தார் என்ற கேள்வியைத் தவிர்க்காதீர்கள். கடன், பஞ்சம், பண்ணையாரிடமிருந்து தப்பிக்க, சாதியின் பெயரால் ஊரில் கிடைக்காத மரியாதைக்காக, மூன்று வேளைச் சோற்றுக்காக. மதராஸ் படைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள், சிலருக்கு முதன்முதலில் செருப்புக் கால்களோடு தெருவில் நடக்க முடிந்தது சீருடையில்தான். நாட்டுப்பற்று என்று ஒரே வார்த்தையில் முடித்தால் 1943-இல் வெள்ளைக்காரன் படையில் சேர்ந்த ஒரு மனிதரை நீங்கள் புரிந்துகொள்ளவே இல்லை.

பத்தாம் படி: எழுதுவது

முதல் பக்கத்தை எப்படித் தொடங்குவது என்று திணறினால் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை நடுகல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தையது என்று சொல்கிறார்கள். தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் மூன்று வரிதான்: கூடலூரில் ஆநிரை கவர்ந்த சண்டை, தீயன் அந்தவன், கல். இடம், காரணம், பெயர். பின்னால் வந்த செங்கம் நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டையும், யாருடைய ஆள் என்பதையும், எதை மீட்டுப் பட்டான் என்பதையும் சேர்த்தன. உங்கள் முதல் பத்தியிலும் இவ்வளவு இருந்தால் போதும். அழுகையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒழுங்கு ஒன்றே ஒன்று, காகிதத்தில் இருந்தது, வீட்டில் சொன்னது, நான் யூகித்தது மூன்றையும் கலக்கவில்லை. அத்தை சொன்ன பத்து ஜப்பானியர்களும் உள்ளே இருக்கிறார்கள், அத்தை சொன்னதாகவே. பட்டாலியன் போன வழியை எழுதும்போது "பட்டாலியன் போனது" என்றே எழுதினேன், "தாத்தா போனார்" என்று எழுதவில்லை. அந்த மாதம் அவர் லீவிலோ ஆஸ்பத்திரியிலோ இருந்திருக்கலாமே.

உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்களின் பெயர், முகவரி, பென்ஷன் எண் எதையும் பொதுவில் போடாதீர்கள். சமீபத்தில் இறந்த வீரர் என்றால் மனைவியிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுத்தான் ஒரு வரியாவது. அந்த இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் உண்டு.

முடித்ததும் நாலு நகல் எடுத்தேன். வீட்டுக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று, ரெஜிமென்ட் மையத்துக்கு ஒன்று. நாலாவதை இம்பாலுக்கு எடுத்துப்போவதாக இருக்கிறேன். பதிவில் மனைவி பெயர் தப்பாக இருக்கிறது என்று ஆணையத்துக்குப் பென்ஷன் காகிதத்தின் நகலோடு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. திதியை மாற்றலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். ஐப்பசியிலேயே இருக்கட்டும் என்றார், பாட்டி அழுத நாள் அதுதானாம்.